காலி வத்திப்பெட்டி

“ஏன் டீச்சர், வத்திப்பெட்டி பாக்கவா அவ்ளோ தூரம் போனீங்க? நம்ம அண்ணாச்சி கடையில பண்டல் பண்டலா அடுக்கி வெச்சிருக்காரே!”

பக்கத்து வீட்டு அக்கா கேட்டதில் தப்பில்லை. ஸ்வீடனில் கோத்தன்பர்க்கில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவள், பனி பார்த்தேன், அரண்மனை பார்த்தேன் என்று ஆரம்பித்திருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும். நான் வாயைத் திறந்ததும் சொன்னது தீப்பெட்டி அருங்காட்சியகத்தைப் பற்றி.

எழுதும்போது தீப்பெட்டி என்று எழுதினாலும், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்த வாய்க்கு வத்திப்பெட்டிதான் வரும். வத்தி என்றால் திரி. விளக்குக்குத் திரி போலத்தான் இந்தக் குச்சியையும் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. தெற்கே போனால் பெரும்பாலும் வத்திப்பெட்டி என்று சொல்வதில்லை. தீப்பெட்டி, நெருப்புப்பெட்டி. அதைச் செய்கிற இடத்துக்குப் பேர் ‘தீப்பெட்டி ஆபீஸ்’.

நான் போன ஊரின் பெயர் யோன்ஷோப்பிங். வெட்டர்ன் என்ற பெரிய ஏரியின் தென்கரையில் இருக்கிறது. லுண்ட்ஸ்ட்ரோம் என்ற அண்ணன் தம்பி இருவர் 1845-இல் அங்கே தீக்குச்சி செய்ய ஆரம்பித்தார்கள். 1848-இல் எழுந்த அவர்களுடைய பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில்தான், சரியாக நூறு வருஷம் கழித்து, 1948-இல் அருங்காட்சியகம் வைத்தார்கள். சின்ன இடம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நிற்கும் நேரத்துக்குள் சுற்றி வந்துவிடலாம். நான் அரை நாள் எடுத்துக்கொண்டேன். மகன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆபீஸ் வேலையே பார்த்து முடித்துவிட்டான்.

முப்பத்தோரு வருஷம் வேதியியல் நடத்தியவளுக்கு அந்த ஊர் எதற்கு என்று வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் ஒரே கேள்வியைக் கேட்பேன்: “தீக்குச்சியில் பாஸ்பரஸ் எங்கே இருக்கு?” “தலையில!” என்று வகுப்பே கத்தும். இல்லை. தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கொஞ்சம் கண்ணாடித் தூள். பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கவாட்டில், அந்தக் காப்பிக் கலர்ப் பட்டையில். அதுவும் சிவப்பு பாஸ்பரஸ். உரசும் சூட்டில் அதில் ஒரு துளி வெள்ளை பாஸ்பரஸாக மாறும். காற்றுப் பட்டதும் அது பற்றிக்கொள்ளும். குளோரேட் ஆக்சிஜனைக் கொட்டும், கந்தகம் எரியும், குச்சியில் ஏற்றிய மெழுகு தீயை மரத்துக்குக் கொண்டுபோகும். இத்தனையும் நீங்கள் கையை முகத்துக்கு நேரே தூக்குவதற்குள் முடிந்துவிடும்.

மருந்தை இரண்டாகப் பிரித்து, பாதியைக் குச்சியிலும் பாதியைப் பெட்டியிலும் வைக்கலாம் என்று கண்டுபிடித்து 1844-இல் காப்புரிமை வாங்கியவர் குஸ்தாவ் எரிக் பாஷ் என்ற ஸ்வீடன் பேராசிரியர். அதைச் சந்தைக்குத் தோதாகச் செய்து, 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கியவர் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்களில் மூத்தவர். இன்று அண்ணாச்சி கடையில் வாங்குகிற குச்சி வரைக்கும் அந்த ஏற்பாடுதான்.

அதற்கு முன்னால் நடந்தது பெரிய கூத்து. பாஸ்பரஸையே 1669-இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சித்தான் எடுத்தார். அவர் தேடியது தங்கம். (இந்த இடத்தில் கடைசி பெஞ்சு சிரிக்கும். நானும் சிரிக்க விட்டுவிடுவேன்.) 1805-இல் பாரிஸில் ஷான் ஷான்செல் செய்த குச்சியைக் கந்தக அமிலப் புட்டியில் தோய்த்தால்தான் எரியும். அமிலப் புட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்களை நினைத்துப் பாருங்கள். உரசினால் பற்றும் குச்சி இங்கிலாந்தில் ஸ்டாக்டன் ஊர் மருந்துக் கடைக்காரர் ஜான் வாக்கரால் 1826-இல் வந்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் விற்க ஆரம்பித்தார். காப்புரிமை வாங்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், லைட்டர் அதற்கும் மூத்தது. ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனர் 1823-இலேயே துத்தநாகமும் அமிலமும் சேர்த்து ஹைட்ரஜன் எடுத்து, அதைப் பிளாட்டினத்தின் மேல் பாய்ச்சித் தீ வரவழைத்துவிட்டார். பேரன் பிறந்த பிறகு தாத்தா பிறந்த கதை.

வெள்ளை பாஸ்பரஸ் கதையை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. ஷார்ல் சோரியா என்ற பிரெஞ்சு இளைஞர் 1830 வாக்கில் அதைக் குச்சித் தலைக்குக் கொண்டுவந்தார். சுவரில் உரசினாலும் எரியும், செருப்பில் உரசினாலும் எரியும். எல்லோருக்கும் பிடித்துப்போனது. குச்சியை மருந்தில் தோய்த்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தாடை எலும்பு அழுகியது. பல்வலியில் ஆரம்பிக்கும், கன்னம் வீங்கும், சீழ் கோக்கும், கடைசியில் தாடையையே வெட்டி எடுக்க வேண்டிவரும். 1888 ஜூனில் லண்டன் ‘போ’ (Bow) பகுதித் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் கூலியையும் அபராதங்களையும் பற்றி ஒரு பெண்மணி பத்திரிகையில் எழுதினார். ஜூலையில் சுமார் 1,400 பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அந்த மாதமே ஜெயித்தார்கள். எழுதிய பெண்மணி, பிற்பாடு நம் அடையாறில் வந்து இருந்த அன்னி பெசன்ட். ஹோம் ரூல் பாடத்தில் மட்டும் அவரைப் படித்திருந்த எனக்கு இது ரொம்ப நாள் தெரியாது. நம் வரலாற்றுப் புத்தகத்துக்கும் வேதியியல் புத்தகத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

1906-இல் பெர்ன் நகரத்தில் நாடுகள் கூடி வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியை விலக்க ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-இல் தனிச் சட்டமே வந்தது.

யோன்ஷோப்பிங்கிலும் பெட்டி ஒட்டியது வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான். மெல்லிய மரச்சீவலை மடித்துக் காகிதம் ஒட்டும் வேலை, எண்ணிக் கூலி. அதைப் படித்ததும் எனக்குச் சாத்தூர் ஞாபகம். சித்தி மகளை அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறைக்குப் போயிருந்தேன். விடிவதற்கு முன்னால் தெருமுனையில் பஸ் வந்து நிற்கும். தூக்குச்சட்டியோடு சின்னப் பிள்ளைகள் ஏறுவார்கள். பள்ளிக்கூட பஸ் என்று நினைத்தேன். தீப்பெட்டி ஆபீஸ் பஸ். மரச் சட்டத்தில் குச்சி அடுக்க அந்தப் பிஞ்சு விரல்கள்தான் வேகமாம். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த டீச்சர். என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஊருக்குத் திரும்பி பீரியாடிக் டேபிள் நடத்தினேன். 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பையும் பட்டியலில் சேர்த்தது. அதற்கப்புறமும் அது ஒழிய வருஷங்கள் பிடித்தன.

அந்தத் தொழில் கரிசல் மண்ணுக்கு வந்த விதம் சுவாரசியமானது. 1922-இல் ஐயநாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு அடுத்த வருஷம் திரும்பினார்கள். அதே 1923-இல்தான் ஸ்வீடன்காரர்களும் இந்தியாவில் விம்கோ கம்பெனியைத் தொடங்கினார்கள். ஸ்வீடன் பக்கம் அப்போது முதலாளி ஐவார் க்ரூகர். உலகத் தீக்குச்சியில் முக்கால் பங்கு அவர் கையில் இருந்ததாகச் சொல்வார்கள். அரசாங்கங்களுக்கே கடன் கொடுப்பார், பதிலுக்கு அந்த நாட்டில் தீக்குச்சி விற்கும் உரிமையை வாங்கிக்கொள்வார். 1927-இல் பிரான்ஸுக்கு மட்டும் 75 மில்லியன் டாலர். நமக்கு வடக்கே இருபது சொச்சம் கிலோமீட்டரில் புதுச்சேரியை ஆண்டுகொண்டிருந்த அதே பிரான்ஸ்! 1932 மார்ச்சில் க்ரூகர் பாரிஸில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தார். சாம்ராஜ்யம் சீட்டுக்கட்டாய்ச் சரிந்தது. சென்னையில் மெட்ரோ ஏறி வடக்கே கடைசி வரை போனால் ‘விம்கோ நகர்’ என்று அறிவிப்பு வரும். இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் என்று யோசிப்பார்கள்?

அருங்காட்சியகத்தில் என்னை அதிகம் நிற்க வைத்தது லேபிள்கள். என் பெரியப்பா ஒரு பிஸ்கட் டப்பா நிறைய தீப்பெட்டிப் படம் வைத்திருந்தார். தண்ணீரில் ஊற வைத்து, படத்தை மெல்ல உரித்து, பழைய கணக்கு நோட்டில் ஒட்டுவார். கப்பல், புலியோடு மல்லுக்கட்டும் ஆள், கிளி, சாவி, தாமரை. ஒருசில படங்களில் ஜப்பான் முத்திரையோடு நம் ஊர் சாமிகள். அந்தக் காலத்தில் ஜப்பான்காரனும் ஸ்வீடன்காரனும் இந்தியச் சந்தைக்காக லட்சுமியையும் கிருஷ்ணனையும் அச்சடித்து அனுப்பினார்கள். எரிக்கிற பெட்டியில் சாமி படமா என்று யாரும் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை. பெரியப்பாவுக்குப் பெரிய வருத்தம், பெட்டியின் குறுக்கே ஒட்டி வரும் கலால் வரிப் பட்டை. 1934-இல் வந்த வரி அது. “நல்ல படத்து மூஞ்சியில சர்க்கார் கோடு போட்டுட்டான்” என்பார்.

அந்த டப்பாவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் யோன்ஷோப்பிங்கில் ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. வெளியே வந்து ஏரிக் காற்றில் நின்றபோது பிடிபட்டது: என் ஆயா அங்கே இல்லை.

எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. அவர் வீடு குறிஞ்சிப்பாடிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அவர் தீயை உண்டாக்கி நான் பார்த்ததே அபூர்வம். ராத்திரி சமையல் முடிந்ததும் கங்குகளைக் கூட்டிக் குவித்து, சாம்பல் போட்டு மூடி, மேலே ஒரு வறட்டித் துண்டை வைப்பார். விடிந்ததும் கிளறி, ஊதுகுழலால் நாலு ஊது, அவ்வளவுதான். என்றைக்காவது அணைந்துவிட்டால் என்னைக் கூப்பிடுவார். “தோ, எதிர் வீட்டுல போயி நெருப்பு வாங்கியா.” கொட்டாங்குச்சியில் கொஞ்சம் சாம்பல், அதன் மேல் இரண்டு கங்கு. காற்று பிடிக்காமல் முந்தானையால் மறைத்து ஓடி வர வேண்டும். எங்கள் அடுப்பு எத்தனையோ நாள் எதிர் வீட்டு நெருப்பில் எரிந்திருக்கிறது, அவர்களுடையது எங்களுடையதில். வத்திப்பெட்டி மாடத்தில் இருக்கும். அதை எடுப்பது கார்த்திகைக்கும் காய்ச்சலுக்கும்தான். பஞ்ச காலத்தில் பிளேடால் குச்சியை நெடுக்காகக் கீறி இரண்டாக்கியதையும் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு மட்டும் யார் கேட்டாலும் நெருப்பு கொடுக்க மாட்டார், உப்பும் கொடுக்க மாட்டார். லட்சுமி போய்விடுவாளாம்.

தீயின் சரித்திரம் என்றால் எல்லோரும் உரசுவதையும் கடைவதையும் காட்டுகிறார்கள். யாகத்துக்கு அரணிக் கட்டையில் கடைவது இன்றைக்கும் நடக்கிறது. சிக்கிமுக்கிக் கல்லையும் இரும்பையும் பஞ்சையும் இடுப்பில் முடிந்துகொண்டு போனவர்களை ஆயா பார்த்திருக்கிறார். சங்க காலத்தில் தீக்கடைகோலுக்கு ஞெலிகோல் என்று பெயர். ஔவையார் அதியமானைச் சொல்லும்போது, வீட்டு இறவாரத்தில் (கூரையின் கீழ்விளிம்பில்) செருகி வைத்த ஞெலிகோல் மாதிரி தெரியாமலும் இருப்பான், அதிலிருந்து புறப்பட்ட தீ மாதிரி தெரியவும் செய்வான் என்கிறார். எனக்கு அதில் ராஜாவை விட இறவாரம் முக்கியம். மழையில் நனையாத, கை எட்டுகிற, எல்லோருக்கும் தெரிந்த இடம். அந்தக் கோலைத் தினமும் எடுத்துக் கடைந்திருப்பார்களா? கை கொப்பளிக்கிற வேலை அது. ஆயாவைப் போல அவர்களும் சாம்பல் போட்டு மூடி வைத்துத்தான் காலம் தள்ளியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சாம்பல் மூடிய கங்கை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது?

2011 டிசம்பர் 30 காலையில் எங்களுக்கு ஆயாவின் காலம் திரும்ப வந்தது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறிய நாள். சமையலறை ஓடு பறந்து, அடுப்பு மேடை முழுக்கத் தண்ணீர். கேஸ் லைட்டர் நனைந்து செத்துப்போனது. வத்திப்பெட்டி கையில் எடுத்ததும் களியாய்ப் பிசுபிசுத்தது. ஈரம் பட்டால் முதலில் பசை இளகும், பக்கவாட்டு மருந்து உரிந்து வரும், குச்சித் தலை தேய்ந்து கரையும். காரணம் முழுதும் எனக்குத் தெரியும். ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கத் தெரியவில்லை. தெருவில் மரங்கள், கம்பங்கள், கம்பிகள். கடை ஒன்றும் திறக்கவில்லை.

அப்போது நெருப்பு கொடுத்தது இதே பக்கத்து வீட்டு அக்காதான். அவர் வீட்டுக்காரர் பீடி குடிப்பவர். புயலைப் பற்றி ரேடியோவில் சொன்னதும் அந்த மனுஷன் அரிசி வாங்கவில்லை, மெழுகுவத்தி வாங்கவில்லை; வத்திப்பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு பெட்டியிலிருந்து தெருவில் ஏழெட்டு வீட்டுக்கு அடுப்பு பற்றியது. குச்சியாகக் கொடுக்கவில்லை. பரணில் இருந்த வறட்டியைப் பற்ற வைத்து, கரண்டியில் கங்காகக் கொடுத்தார்கள். குச்சி தீர்ந்துவிடும் என்ற கணக்கு. மின்சாரம் வருவதற்குப் பல நாள் ஆனது. அதுவரை ராத்திரியில் கங்கை மூடி வைக்க நானும் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டு நாள் அணைந்துவிட்டது. சாம்பலை அழுத்திப் போட்டால் மூச்சு முட்டும், குறைவாகப் போட்டால் விடிவதற்குள் எரிந்து தீரும்.

ஸ்வீடனிலிருந்து வந்த பிறகு ஒருநாள் வடலூருக்கு பஸ் ஏறினேன். தைப்பூசக் கூட்டத்தில் பலமுறை போயிருக்கிறேன். கூட்டமில்லாத நாளில் போனது அதுவே முதல் தடவை. வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஸ்வீடன் குச்சி பாரிஸில் பதக்கம் வாங்கிப் பன்னிரண்டு வருஷம் கழித்து மூட்டிய அடுப்பு, அதற்கப்புறம் அதற்கு ஒரு குச்சியும் தேவைப்படவில்லை! வருகிறவர்களுக்கெல்லாம் அதில்தான் சோறு. வேலையாக இருந்த ஒரு பெரியவரிடம், ராத்திரியில் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். “கட்டையத் தள்ளி விட்டுடுவோம்மா, கனன்னுகிட்டே கெடக்கும்.” எங்காவது வத்திப்பெட்டி வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டு வைத்தேன். “எதுக்கு?” என்றார்.

கொஞ்ச நேரம் அந்தச் சூட்டில் நின்றேன். புகை கண்ணைக் கரித்தது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். சாப்பிட்டேன்.

இப்போது என் வீட்டு ஹால் அலமாரியில் ஒரு தட்டு காலி செய்து, பெரியப்பாவின் நோட்டு, ஆயாவின் ஊதுகுழல், புயலில் செத்த கேஸ் லைட்டர் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். லைட்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு, அழுத்தினால் மின்சாரம் தருகிற படிகத்தை 1880-இல் பியர் கியூரியும் அவர் அண்ணனும் கண்டுபிடித்த கதையைச் சொல்லி அறுக்கிறேன். நடுவில் யோன்ஷோப்பிங்கில் வாங்கிய பெட்டி, ‘சோல்ஸ்டிக்கன்’. சூரியனை நோக்கி நடக்கும் அம்மணக் குழந்தை படம். ஐனார் நெர்மன் என்ற ஓவியர் 1936-இல் வரைந்தது. விற்பனையில் ஒரு பங்கு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் போகிறது. விமானத்தில் போடும் லக்கேஜில் தீக்குச்சிக்குத் தடை என்பதால் மகன் குச்சியை எல்லாம் கொட்டிக்கொண்டு, வெறும் பெட்டியைத்தான் கொடுத்தனுப்பினான்.

போன வாரம் அக்கா வந்தார். கையில் விளக்குத் திரி.

“டீச்சர், எங்க வீட்டுல வத்திப்பெட்டி தீந்துபோச்சு. விளக்கு வெக்கணும்.” அலமாரியைப் பார்த்தார். “இந்தப் புள்ளைக்கு ஒரு ஜட்டி மாட்டி விடக்கூடாதா?” பெட்டியைத் தள்ளித் திறந்தார். “அடியாத்தி, காலியா? காலிப் பெட்டிய வாங்கவா ஸ்வீடன் போனீங்க?”

எங்கள் சமையலறையில் கோவில்பட்டிப் பெட்டி ஒன்று எண்ணெய்க் கை பட்டுப் பட்டு, பக்கவாட்டு மருந்து முழுக்கத் தேய்ந்து கிடந்தது. உள்ளே குச்சி மட்டும் இருந்தது, நாலைந்து. இரண்டு ரூபாய்ப் பெட்டி. 2021 டிசம்பரில் விலை ஏறும்வரை பதினாலு வருஷம் ஒரு ரூபாய்க்கு விற்றது. அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, ஸ்வீடன் பெட்டியின் விளிம்பில் வைத்தேன்.

“எரியுமா?” என்றார் அக்கா.

உரசினேன். பற்றிக்கொண்டது.

“சீக்கிரம் திரியக் காட்டுங்க, கை சுடுது” என்றேன். அவர் திரியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டார், “டீச்சர், இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லியே?”